இரண்டு நிமிட மூச்சு

மொராக்கோ மலைநகரமான அஸிலாலின் விடியற்காலைக் குளிர் ஆள் பார்த்துக் கடிக்காது, எல்லோரையும் கடிக்கும். ஆனால் காலை ஐந்து மணிக்கு அந்தக் குளிரில் யார் வெளியே நிற்க வேண்டும், யார் கம்பளிக்குள் புரண்டு படுக்கலாம் என்பதை மட்டும் குளிர் முடிவு செய்வதில்லை.

பாஸ்ஸூ வெளியே நிற்கிறவன். தீர்ந்துபோன ஒரு தொலைபேசி அட்டையால் வண்டியின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயதில் விரல் மூட்டுகள் பனியை விட இறுகிப்போயிருந்தன. சுரண்டி முடித்து உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினான். சுருள் வடிவ விளக்கு எரிந்தது. அது அணையும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு தடவை போட்டுக் காத்திருந்தான். நான்கு சிலிண்டரில் ஒன்றுக்குச் சூடேற்றுகிற பிளக் செத்து இரண்டு மாதமாகிறது. பிறகு முழுசாகத் திருப்பினான். எஞ்சின் மூன்று காலால் நொண்டுகிற கழுதை மாதிரி உதறி, வெள்ளைப் புகையைக் கக்கி, ஒருவழியாக நாலு காலுக்கு வந்தது.

அரை நிமிடம் ஆனதும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து 'கீக் கீக்' என்று சத்தம் வந்தது.

"மாமியார் எழுந்துட்டா" என்று வெளியே நின்ற இஷூ சிரித்தான். டாக்ஸி ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறவன் அவன். இருபது வருடம் கத்தியதில் தொண்டை சல்லடையாகிவிட்டது. கையில் பிஸ்ஸாரா என்கிற மொச்சைக் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. "வண்டியை எடு பாஸ்ஸூ. இன்னொரு தடவை கத்தினா முதலாளி ஹாஜ் போன்ல போய் விழும்."

"ஆயில் மேல ஏற வேண்டாமாடா? ராத்திரி பூரா ஜில்லுன்னு அடியில கிடந்திருக்கு."

"எனக்குத் தெரியுது. மாமியாருக்குத் தெரியணுமே."

பாஸ்ஸூ அலுப்போடு கியரைப் போட்டான்.

அந்த மலைப்பாதையில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியை மறந்தாலும் அந்த எஞ்சினின் ஜாதகத்தை மறக்கமாட்டார்கள். ஒன்றரை லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, தொண்ணூறு குதிரைச் சக்தி. நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது சுற்று வந்துவிட்டால் முழு இழுவையும் காலடியில் இருக்கும். ஓட்டுநரோடு ஏழு பேர், கூரைமேல் மூட்டை, ஒரு ஆடு, எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். குடிப்பதும் கொஞ்சம்தான். நல்ல எஞ்சின்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அதன் உயிர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவில் இருக்கிறது. கையகலம்கூட இல்லாத அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது குண்டும் இல்லை, உருளையும் இல்லை. மயிரிழை கனத்துக்கு ஆயில், அவ்வளவுதான்.

கீழே பள்ளத்தாக்கிலிருக்கிற அணையிலிருந்து அஸிலால் வரை ஒரே ஏற்றம். ஏறி வந்து நின்றதும் டர்போ பழுக்கச் சூடாயிருக்கும். அந்தச் சூட்டில் எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே நிற்கிற ஆயில் கருகிக் கரியாகும். அதனால் ஏறி வந்தவன் இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் அணைப்பான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மூச்சு'. "மூச்சு விட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் தேநீர்க்கடைக்கே போவார்கள்.

பதினோரு வண்டிகளுக்குச் சொந்தக்காரரான ஹாஜ் பென்னாஸர் இந்த மூச்சை நிறுத்தினார். மூன்று மாதத்துக்கு முன் காசாபிளாங்காவிலிருந்து மருமகன் வந்து எல்லா வண்டியிலும் ஒரு பெட்டியை மாட்டினான். நின்ற வண்டியில் எஞ்சின் அரை நிமிடத்துக்கு மேல் ஓடினால் பெட்டி கத்தும்; அதற்குத்தான் ஓட்டுநர்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ஹாஜின் தொலைபேசிக்கு எச்சரிக்கை போகும். மூன்று எச்சரிக்கை வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அங்கே ஒப்பந்தமும் கிடையாது, கடிதமும் கிடையாது. சாவி கையில் இருந்தால் வேலை இருக்கிறது, வாங்கிவிட்டால் இல்லை. பன்னிரண்டு வருடம் ஓட்டியவனும் நேற்று வந்தவனும் இதில் ஒன்றுதான்.

பெட்டி மாட்டிய அன்றைக்கே பாஸ்ஸூ போய்ப் பேசிப் பார்த்தான்.

"நிக்கிற வண்டிக்கு எஞ்சின் எதுக்குப்பா ஓடணும்?" என்று ஜபமாலையை உருட்டிக்கொண்டே ஹாஜ் கேட்டார். "நான் பள்ளிவாசல்ல நிக்கிறப்ப என் செருப்பு வெளியில நடந்துக்கிட்டா இருக்கு?"

"நீங்க மாடிப்படி ஏறி வந்ததும் பேசுவீங்களா ஹாஜ்? கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுத்தானே பேசுவீங்க?"

"எஞ்சினுக்கு நுரையீரல் இருக்கிறதா இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்."

ஆயிலும் அப்படித்தான். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. மலையில் அது ஆகாது, எட்டாயிரத்துக்கு மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அல்லால் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னான். ஹாஜ் நாற்பதாயிரம் வரை இழுத்தார். கறுத்துப்போச்சு என்று சொன்னால், "காபியும் கறுப்புத்தான், குடிக்காமலா இருக்கோம்?" என்பார். அவர் எஞ்சினை எதிரில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர் இல்லை.

பாஸ்ஸூ இரண்டு தடவை பழக்கதோஷத்தில் மூச்சு விட்டுவிட்டான். இரண்டு எச்சரிக்கை வந்தாயிற்று. மூத்த மகள் பெனி மெல்லால் நகரத்தில் செவிலியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அவன் மூச்சு விடவில்லை. ஏறி வந்து பழுக்கச் சூடான எஞ்சினைச் சட்டென்று அணைக்கும்போதெல்லாம், பேசிக்கொண்டிருக்கிறவன் வாயை அடைத்த மாதிரி அவனுக்குள் ஏதோ குறுகும்.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு பெனி மெல்லாலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன்னால் ஹட்டூவின் வண்டி தெரிந்தது. ஹட்டூவுக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹாஜின் ஓட்டுநர்களிலேயே சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவன் என்று பெயரெடுத்தவன். ஆறாவது வளைவில் அவன் வண்டிக்குப் பின்னால் நீலப்புகை வந்தது. அடுத்த வளைவில் பாதையே மறைகிற அளவுக்கு வெள்ளைப்புகை. அதற்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது. எஞ்சின் அப்படி அலறி பாஸ்ஸூ வாழ்நாளில் கேட்டதில்லை, ஆனால் அது என்ன என்று அவனுக்குத் தெரியும். டர்போவில் ஆயிலைத் தடுக்கிற சீல் போய்விட்டது. ஆயில் நேராகக் காற்றுக் குழாய்க்குள் ஊற்றுகிறது. டீசல் எஞ்சினுக்கு எரிய ஏதாவது கிடைத்தால் போதும். தன் ஆயிலைத் தானே குடிக்க ஆரம்பித்துவிட்டால் அது எவனுடைய பேச்சையும் கேட்காது.

வண்டியை ஓரம் கட்டி ஓடினான். ஆட்கள் இருமிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஹட்டூ நடுரோட்டில் நின்றான். உள்ளங்கையில் சாவி இருந்தது.

"எடுத்துட்டேன் அண்ணே! சாவியை எடுத்துட்டேன்! நிக்க மாட்டேங்குது!"

"கியர்! அஞ்சாவது கியரைப் போடு! பிரேக்கை மிதிச்சுக் கிளட்சை விடு!"

அந்த அலறலில் அது ஹட்டூவின் காதில் விழவில்லை. பானெட்டைத் திறந்து ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, காற்று போகிற வாயை அடைக்கத் தன் ஜெலாபா அங்கியின் முனையைச் சுருட்டி அழுத்தினான். காற்றை அடைத்தால் எஞ்சின் நிற்கும், அது சரிதான். ஆனால் ஒன்றரை லட்சம் சுற்று சுற்றுகிற சக்கரம் துணியை இழுக்கும்போது கையையும் சேர்த்து இழுக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. பாஸ்ஸூ உள்ளே பாய்ந்து, ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக்கில் ஏறி நின்று கிளட்சை விட்டான். வண்டி முட்டி மோதிக் குலுங்கி நின்றது.

பிறகு அந்த மலையில் ஹட்டூவின் குரல் மட்டும் கேட்டது.

ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல்கணு போய்விட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில், கட்டுப்போட்ட வலது கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு ஹட்டூ உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கையால கியர் போட முடியுமா அண்ணே?"

"போடலாம்டா. பழகிக்கும்."

"மூணு மாசமா நான் ஒரு தடவைகூட மூச்சு விடல, தெரியுமா? மாமியார் என்மேல கத்தினதே இல்லை. ஹாஜ் சொன்னதை அப்படியே செஞ்சேன்." கட்டின் முனையை இடது கையால் நீவினான். "அப்படியே செஞ்சேன் அண்ணே."

பாஸ்ஸூவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே நடந்தான்.

அல்லாலின் பட்டறையில் அதற்குள் டர்போ கழற்றப்பட்டிருந்தது. அச்சைத் தொட்டால் ஆடுகிற பல்லைப்போல ஆடியது. அல்லால் அதற்கு ஆயில் கொண்டுவருகிற சின்னக் குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

"பாரு. ஏதாவது தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. அல்லால் ஒரு தையல் ஊசியை நுழைத்தான். அது உள்ளே போகவில்லை. குழாயைத் தட்டியதும் கறுப்புக் கரித்தூள் அவன் கையில் கொட்டியது.

"பழைய ஆயில் பாதி, அணைச்ச சூடு பாதி. இதுல வந்தது ஆயில் இல்லைப்பா, தாரு. பாவம், இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு. மத்த பத்து வண்டியும் இதே கதைதான். எப்ப, எந்த வளைவுலன்னுதான் தெரியாது."

பாஸ்ஸூ அந்தக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹாஜ் பென்னாஸர் வந்தார். டர்போவைப் பார்த்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்ல பையன். ஆனா வேகம். வயசு வேகம். எஞ்சினை முறுக்கி எடுத்திருக்கான்."

"முறுக்கல ஹாஜ். நான் பின்னாலதான் வந்தேன். மூணாவது கியர்ல நிதானமாத்தான் ஏறினான்" என்றான் பாஸ்ஸூ.

"பின்னால வந்தவனுக்கு முன்னால இருக்கிறவன் கால் தெரியுமா?" சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "நல்லவேளை, நீதான் சாட்சி. இதுல எழுதியிருக்கேன். வண்டியைத் தாறுமாறா ஓட்டினான், அதைக் கண்ணால பார்த்தேன்னு. கீழ ஒரு கையெழுத்து."

"அப்ப அவன் கைக்கு யார் ஹாஜ் பொறுப்பு?"

"எஞ்சினுக்குள்ள கையை விடச் சொல்லி நானா சொன்னேன்?"

"எஞ்சினை அணைக்கச் சொன்னது நீங்கதானே?"

ஜபமாலை நின்றது. அல்லால் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"பாஸ்ஸூ, உன் பேருல ரெண்டு இருக்கு" என்றார் ஹாஜ். குரல் உயரவில்லை, அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. "கையெழுத்துப் போட்டா ரெண்டையும் அழிச்சிடறேன். மூத்தவ படிப்பை முடிக்கணும் பாரு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டாண்டுக்கு வரேன். கையெழுத்தைக் கொடு, இல்லேன்னா சாவியைக் கொடு."

அவர் போனபிறகும் பாஸ்ஸூ அதே இடத்தில் நின்றான். கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பாக இருந்தது. எங்காவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஸ்டாண்டில் மூன்று சங்கங்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. மூன்று அறைகளும் தேர்தல் வந்தால்தான் திறக்கும். அதனால் ஓட்டுநர்கள் பேச வேண்டியதைத் தேநீர்க்கடையில்தான் பேசுவார்கள். அன்று சாயங்காலம் ஹாஜின் ஓட்டுநர்கள் பாஸ்ஸூவையும் சேர்த்துப் பத்துப் பேரும் அங்கே இருந்தார்கள். பாஸ்ஸூ கைக்குட்டையைப் பிரித்துக் குழாயை மேசைமேல் வைத்தான். பக்கத்தில் அல்லாலின் ஊசியையும் வைத்தான். ஒவ்வொருவராக எடுத்து ஊசியை நுழைத்துப் பார்த்தார்கள். யார் நுழைத்தாலும் ஊசி போகவில்லை.

"கையெழுத்துப் போட்டுடு பாஸ்ஸூ" என்றான் கடைசியில் ஒருவன். "ஹட்டூ விரல் திரும்பியா வரப்போகுது?"

"போடறேன். அடுத்த மாசம் உனக்கு ஆச்சுன்னா? உன் மேலயும் எழுதிக் கொண்டாருவார். அதுலயும் போடட்டுமா?"

கையெழுத்துப் போடச் சொன்னவன் தேநீரில் இன்னொரு கட்டி சர்க்கரையைப் போட்டான்.

எப்போதும் வாயாடுகிற மோஹா குழாயைக் கீழே வைத்தான். அவனும் ஹாஜிடம்தான் ஓட்டுகிறான். "மூச்சு விட்டா சாவி போகும். விடலேன்னா விரல் போகும். எது வேணும்னு கேக்கிறாரு, பெரிய மனசுதான்."

"ஒருத்தன் விட்டா சாவி போகும்" என்றான் பாஸ்ஸூ. யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை, வாயிலிருந்து அதுவாக வந்தது. "பத்துப் பேரும் விட்டா?"

"பத்து வண்டியும் ஒண்ணா எங்கடா நிக்கும்? முன்னால வந்தவனுக்கு முன்வரிசை. ஒருத்தனை ஒருத்தன் முந்தித்தானே பொழைக்கிறோம்?" இது ஸ்டாண்டின் வரிசையை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற இஷூ.

அது உண்மைதான். அந்த ஏற்றத்தில் ஒரு ஓட்டுநர் இன்னொருவனுக்காகக் காத்திருந்ததே கிடையாது. காத்திருந்தால் வரிசை போகும், வரிசை போனால் அடுத்த சவாரி போகும்.

"எல்லாரும் காத்திருந்தா யாருக்கு வரிசை போகும்?" என்று பாஸ்ஸூ கேட்டான்.

இஷூ அந்தச் சல்லடைத் தொண்டையால் சிரித்தான்.

"நாளைக்குக் காலையில பெனி மெல்லாலுக்கு உங்க பத்து வண்டியைத்தான் முதல்ல நிரப்புவேன். மத்தவனுங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஏச்சு விழுந்தா எனக்கு விழட்டும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பெனி மெல்லாலிலிருந்து திரும்புகிற வழியில், பேசி வைத்தபடி அணைப் பாலத்தருகே பாஸ்ஸூ வண்டியை நிறுத்தினான். யாரும் வரமாட்டார்கள் என்று அவன் பாதி நம்பினான். தனியாகப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். பின்னிருக்கையில் கோழியை மடியில் வைத்திருந்த ஒரு கிழவி, "ஏன்பா நின்னுட்டே?" என்றாள்.

"மத்தவங்க வரணும்மா."

"உங்க ஆளுங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் காத்திருந்து நான் பார்த்ததில்லையே!"

"நானும் பார்த்ததில்லை" என்றான்.

மோஹா முதலில் வந்தான். அப்புறம் இரண்டு பேர். நேற்று கையெழுத்துப் போடச் சொன்னவன் ஏழாவதாக வந்து, பாஸ்ஸூவைப் பார்க்காமல் வரிசையில் நின்றான். பத்தாவது வண்டி வருவதற்குள் தாமதத்துக்காக ஆட்கள் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சிலர் அடங்கினார்கள், சிலர் தொடர்ந்து திட்டினார்கள். பத்தும் சேர்ந்து ஏறின. ஒருவனும் முந்தவில்லை.

ஸ்டாண்டில் ஹாஜ் காகிதமும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணிவகுத்து நின்றன. பத்து எஞ்சின்களும் ஓடின. அரை நிமிடத்தில் முதல் மாமியார் கத்தினாள். உடனே அடுத்தவள். பிறகு பத்துப் பேரும் சேர்ந்து கத்த, எதிரே இருந்த கசாப்புக் கடைக்காரர் கத்தியோடு வெளியே வந்து பார்த்தார்.

"அணைங்கடா! என்ன கூத்து இது?"

யாரும் அணைக்கவில்லை. ஹாஜின் பைக்குள் தொலைபேசி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது.

"எல்லார் சாவியும் இப்பவே எங்கிட்ட வரணும்!"

"பத்து வண்டியையும் நீங்களே ஓட்டிக்கிறீங்களா ஹாஜ்?" என்று இஷூ கேட்டான். "சொல்லுங்க, ஆள் கூப்பிடறேன்."

மோஹா கண்ணாடியை இறக்கினான். "ஹாஜ், ஹட்டூ கைக்கு வைத்தியம் நீங்க பார்க்கணும். எட்டாயிரத்துக்கு ஆயில் மாத்தணும். இந்த மாமியாரைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பணும். அப்புறம், சாவியைப் பிடுங்கினா நின்னுடும்னு நினைக்காதீங்க. நேத்தே நிக்கல."

ஹாஜ் அவனைக் கண்டுகொள்ளாமல் நேராக பாஸ்ஸூவின் ஜன்னலுக்கு வந்தார். எதற்கு எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

"உனக்கு இது மூணாவது. அவனுங்களை விடு, உன்னோடதைக் கொடு." கையை உள்ளே நீட்டினார்.

பாஸ்ஸூவின் கை சாவியின்மேல்தான் இருந்தது. நாளைக்கு இந்த வண்டி இருக்குமா, மகளின் படிப்பு என்னாகும், மற்ற ஒன்பது பேரும் மத்தியானம் வரை தாக்குப்பிடிப்பார்களா, எதுவும் அவனுக்குத் தெரியாது. டேஷ்போர்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் நாப்பது நொடி இருக்கு ஹாஜ்."

"என்னது?"

பின்னிருக்கையில் இறங்காமலே உட்கார்ந்திருந்த கிழவி கோழியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்றாள் ஹாஜிடம். "அது மூச்சு வாங்குது, தெரியல?"

ஹாஜின் கை நீட்டியபடியே நின்றது. பாஸ்ஸூ எண்ணிக்கொண்டிருந்தான், மற்ற ஒன்பது வண்டிகளிலும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.